தார்ப்பாய்க்காரர் பாட்டும் ஃபேர்லேண்ட்ஸ் காதுகுத்தும்

எங்கள் ஒலிபெருக்கிக்காரர் சங்கம் வருஷா வருஷம் ஒரு மலர் போடும். பாதி விளம்பரம், மீதி தலைவர் படம். இந்த வருஷம் செயலாளர் என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, இப்பல்லாம் தெருவுக்கு நாலு கவிஞர் இருக்காங்க. போன்லயே பாடிப் பதிவு பண்ணிடறாங்க. பண்ணிட்டு நேரா நம்ம கடைக்கு வந்து, 'பாட்டு தயார், அடுத்து என்ன பண்றது?'ன்னு கேக்கறாங்க. எங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. உங்க காலத்துல என்ன பண்ணினாங்கன்னு எழுதிக் கொடுங்க."

என்ன பண்ணினார்களா? கூத்துப் பண்ணினார்கள். இப்போதும் அதைத்தான் பண்ணுகிறார்கள், பெட்டி மட்டும் சின்னதாகிவிட்டது. சரி, கேட்டுவிட்டார், எழுதுகிறேன். யோசனை கிடைக்கும் என்று யாரும் இதைப் படிக்க வேண்டாம்.

என் பெயர் ஆரோக்கியசாமி. படிப்பு பாதியில் நின்றுபோய், மாதா கோயில் பாடற்குழுவில் ஆர்மோனியம் வாசிப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாமல், ஐம்பதுகளின் நடுவில் சேலம் கடைவீதியில் இஸ்மாயில் பாயின் ரேடியோ கடையில் சேர்ந்தேன். முதல் சில வருஷங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. வயரை ஒட்ட ஈயம் உருக்கி வைக்கும்போது விரலைச் சுட்டுக்கொண்டேன். கல்யாண வீடுகளில் ஒலிபெருக்கி ஹாரன் கட்ட மரமேறி முழங்காலைத் தேய்த்துக்கொண்டேன். ஆம்பிளிஃபயரைத் தொட்டு அடிக்கடி ஷாக் வாங்கினேன். அதற்குப் பெயர்தான் பயிற்சி.

பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றுவார், அதன் மேல் இல்லாத தூசியை ஊதுவார், மறுபடி வைத்துக்கொள்வார். கடையில் அத்தனை பேரும் ஆளுக்கொரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வோம். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருக்கும்.

அறுபதுகள் பிறந்த சமயம், சிங்கப்பூரிலிருந்து வந்த தம் சொந்தக்காரரிடம் பாய் ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கினார். கல்யாணப் பெட்டி அளவு இருக்கும், தூக்கினால் தோள்பட்டை இறங்கிவிடும். மேலே இரண்டு வட்டச் சுருள், நடுவில் பழுப்பு நாடா ஓடும். சேலத்தில் அப்போது இந்த மாதிரி மிஷின் வேறு யாரிடமும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஊரில் செய்தி பரவிவிட்டது. அதுவரை உள்ளூரப் பாட்டெழுதிக்கொண்டிருந்த ஜனங்கள் எல்லாம், அடேயப்பா, எங்கிருந்துதான் வந்தார்களோ! பள்ளிக்கூட வாத்தியார், வெல்ல மண்டிக் கணக்கர், போலீஸ்காரர், பல் வைத்தியர். எல்லாருக்கும் ஒரே எண்ணம்: பாட்டை நாடாவில் ஏற்றிவிட்டால் போதும், சினிமாக்காரன் வந்து வாசலில் நிற்பான்.

பதிவு என்றால் சும்மா இல்லை. கடைக்கு மேல் மாடியில் ஒரு அறை. சுவர் முழுக்க ஜமக்காளம் தொங்கவிட வேண்டும். சுவர்க் கடிகாரத்தை நிறுத்த வேண்டும். மின்விசிறி கூடாது. பக்கத்துப் பாத்திரப் பட்டறைக்குப் போய், "கொஞ்ச நேரம் தட்டாம இருங்கண்ணே" என்று கெஞ்சி அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுக்க வேண்டும். கீழே தெருவில் ஜட்கா வண்டி போகாத நேரமாகப் பார்க்க வேண்டும். பாடுகிறவர் செருப்பு, கைக்கடிகாரம், சில்லறை எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டு வர வேண்டும். நான் ஆர்மோனியம் வாசிப்பேன். பாய் மிஷினின் முன்னால் உட்கார்ந்து குமிழைத் திருப்புவார்.

பதிவு காலையில்தான். பாய் அதில் கறார். கடைக்குப் பின்னால் வரிசையாக விசைத்தறிகள். சாயங்காலம் தறியும் தெருவிளக்கும் சேர்ந்து ஓடினால் வோல்டேஜ் படுத்துவிடும். பல்பு மிளகாய்ப் பழம் மாதிரி சிவக்கும், மிஷின் மோட்டார் சோம்பல்பட்டுச் சுற்றும். "மிஷின் தூங்கும்போது வேலை வாங்கக்கூடாதுப்பா" என்பார் பாய்.

பாடி முடித்ததும் போட்டுக் காட்டுவோம். முதல்முறை தன் குரலைக் கேட்ட எவரும் ஒத்துக்கொண்டது கிடையாது. "இது நானில்லை, வேற யாரோ" என்று போலீஸ்காரர் என்னையே சந்தேகமாகப் பார்த்தார். பாய் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்பார். பாட்டு எவ்வளவு கொடுமையாக இருந்தாலும் முகத்தில் ஒரு சுளிப்பு வராது. முடிந்ததும் கண்ணைத் திறந்து, "நல்லாப் பதிவாயிருக்கு" என்பார். அவ்வளவுதான். எழுதினவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பூரித்துப்போவார்.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டேன். "ஏன் பாய், பாட்டு நல்லாயில்லேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன?"

"தைக்கக் கொடுத்த துணியைப் பார்த்து, நிறம் நல்லாயில்லேன்னு தையக்காரன் சொல்வானாப்பா?"

அதுவும் தவிர, வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மெட்டு சொந்தமில்லை. எங்கேயோ கேட்டிருப்பார்கள், எங்கே என்று மறந்திருப்பார்கள், தூக்கத்தில் தனக்கே தோன்றியது என்று சத்தியம் பண்ணுவார்கள். ஆர்மோனியத்தில் கை வைத்ததுமே எனக்கு, 'எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே' என்று இருக்கும். வாயை மூடிக்கொண்டு வாசிப்பேன்.

இப்போது, அடுத்து என்ன என்ற விஷயத்துக்கு வருகிறேன். சுருள் கையில் கிடைத்ததும் அவரவர் குணம் வெளியே வரும். வெல்ல மண்டிக் கணக்கர் தம் சுருளை ஆத்தூரில் ஒரு நாடகக் கம்பெனிக்கு அனுப்பினார். அங்கே யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. பாட்டு எங்கே எழுதியிருக்கிறது என்று தேடி நாடா முழுவதையும் உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பந்தாகச் சுருட்டித் திருப்பி அனுப்பினார்கள். வாத்தியார் வேறு ரகம். மெட்டைத் திருடிவிடுவார்கள் என்று பயந்து சுருளைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். கேட்க ஆசை வந்தால் மடியில் மறைத்துக்கொண்டு கடைக்கு வருவார், என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு, மாடியில் தனியாக உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார்.

சிக்கல் என்னவென்றால், சுருள் இருந்து என்ன பிரயோசனம், போட்டுக் கேட்க எதிராளியிடம் மிஷின் வேண்டாமா? அதனால் பாட்டு எங்கே போனாலும் மிஷின் போக வேண்டும், மிஷின் போனால் நானும் போக வேண்டும். மாப்பிள்ளைத் தோழன் மாதிரி எத்தனையோ பேரோடு நான் போய் அவமானப்பட்டிருக்கிறேன்.

அப்படித்தான் பழனிசாமி என் தலையில் விழுந்தார்.

பழனிசாமிக்கு நாமக்கல். லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிற தொழில். என் வயதுதான், ஒல்லி, கையெல்லாம் கோணி ஊசி குத்தின தழும்பு. பகலெல்லாம் தைத்துவிட்டு பஸ் பிடித்து வருவதால் சாயங்காலம்தான் அவரால் வர முடியும். முடியாது என்று பாய் சொல்லிப் பார்த்தார். மறுநாளும் சாயங்காலம் வந்து படியில் உட்கார்ந்துகொண்டார். அதற்கு மறுநாளும்.

"கேளுங்க பாய், ஒரே ஒரு பாட்டுங்க. எனக்கு இதுதானுங்க கடைசி" என்றார்.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. மச்சான், அதாவது பெண்சாதியின் அண்ணன், திருச்செங்கோட்டில் ரைஸ் மில் வைத்திருக்கிறார். மில்லைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று இவரைக் கூப்பிடுகிறார். போனால் காலையிலிருந்து ராத்திரி வரை தவிட்டுக்குள்தான் இருக்க வேண்டும், பாட்டு என்று ஒரு வார்த்தை எழுத முடியாது. பெண்சாதி பாவாயி கெடு வைத்துவிட்டாள். "பாட்டுத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு, உங்க பாட்டைக் கேட்டுப்போட்டு நல்லாருக்குன்னு சொல்லோணும். சொன்னா எழுதுங்க, நான் குறுக்க வரலை. இல்லீன்னா அண்ணன் மில்லு." காது குத்துகிற வயதில் ஒரு பெண் குழந்தை வேறு. அந்த அம்மாளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாய் தொப்பியைக் கழற்றினார். நான் ஒரு வயரை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தேன். ஊதாமலே திரும்ப வைத்துக்கொண்டு, "மேலே வாங்க" என்றார்.

பல்பு சிவந்துகொண்டிருந்த அந்தச் சாயங்காலத்தில் பழனிசாமி பாடினார்.

ஊரு மூட்டைக்கெல்லாம் தார்ப்பாய் தைச்சேன் – என்
ஒத்தை மனசு நனையுதடி, மூட ஆளில்லே.

குரல் கனமான குரல். மெட்டு எனக்கு வழக்கம்போல எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. ஆனால் அந்த வரி என்னை என்னவோ செய்துவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். அங்கேயே போட்டுக் கேட்டோம். கச்சிதமாக இருந்தது. பாய் கண்ணைத் திறந்து, "நல்லாப் பதிவாயிருக்கு" என்றார். பழனிசாமி அவர் காலைத் தொடப் போய், பாய் பதறி எழுந்துவிட்டார்.

சமயம் பார்த்து, ஒரு படத்து வேலையாகப் பேர்பெற்ற இசையமைப்பாளர் ஒருவர் சேலம் வந்து, ஊருக்குள்ளேயே ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு பங்களாவில் தங்கியிருந்தார். பெயர் வேண்டாம். மிஷினை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு நாங்கள் போனோம். கேட்டில் கூர்க்கா. "சாப் சோதா ஹை" என்றான். அடுத்த நாளும் சாப் தூங்கினார். அதற்கடுத்த நாள் எங்களைப் பார்த்ததுமே தடியை எடுத்துக்கொண்டான்.

நான் ஜட்காவில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பழனிசாமி ஏறவில்லை. பங்களாவுக்குப் பக்கத்து வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பூட்டிக் கிடந்த புது வீடு, முன்னால் ஒரு வேப்பமரம்.

"ஆரோக்கியண்ணா, இந்த ஊடு நம்மகிட்டத் தார்ப்பாய் தைக்கக் குடுக்கற லாரிக்காரரு ஊடுங்க. கேட்டா ஒரு நாளைக்குச் சாவி குடுப்பாரு. பாப்பாளுக்குக் காது குத்தோணுமல்லங்க? இங்கயே வெச்சுக்கலாம். மரத்துல ஹாரனைக் கட்டிப் பாட்டைப் போட்டு உடுங்க. ஆளைத்தானுங்க கூர்க்கா தடுப்பான், சத்தத்தை என்னங்க பண்ணுவான்?"

"யோவ், பைத்தியமா உமக்கு?" என்றேன். ஆனால் ராத்திரி படுத்து யோசித்தபோது, தப்பில்லையே என்றுதான் பட்டது. பாயிடம் மிஷினுக்கு அனுமதி கேட்டேன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "குழந்தைக்கு நல்ல காரியம். கொண்டு போ. பாயசத்துக்குப் பக்கத்துல மட்டும் மிஷினை வைக்காதே" என்றார்.

காதுகுத்துக்கு நாமக்கல்லிலிருந்தும் திருச்செங்கோட்டிலிருந்தும் ஒரு லாரி நிறைய ஜனம் வந்து இறங்கியது. குலதெய்வம் கோயிலில் செய்ய வேண்டியதை முன்பின் தெரியாத ஃபேர்லேண்ட்ஸில் ஏன் செய்கிறார்கள் என்று ஒருவருக்கும் புரியவில்லை. தாய்மாமன் என்ற முறையில் சீர்த்தட்டோடு வந்த ரைஸ் மில் மச்சான் செல்லமுத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங் மாப்ள, சாமியக் காணோம், கோயிலக் காணோம். இங்க எதுக்குங்க காது குத்து?"

"ஜோசியரு சொன்னாருங்க மச்சான். வடக்குப் பாத்து வேப்பமரம் இருக்கோணுமாமா."

பாவாயிக்கு உண்மை தெரியும். அந்தப் பக்கம் திரும்பி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

வழக்கமாக ஹாரனை ரோட்டைப் பார்த்துக் கட்டுவோம். அன்றைக்கு இரண்டு ஹாரனும் பங்களா ஜன்னலைப் பார்த்தன. பந்தலில் இருந்தவர்கள், "பாட்டே கேக்கலீங்களே" என்று குறைப்பட்டார்கள். முதலில் வழக்கம்போல இசைத்தட்டில் சாமி பாட்டு. சுருளை ஒருதரம் ஓட்டிப் பார்த்துக்கொள்கிறேன் என்றால் பழனிசாமி விடவில்லை. "வேண்டாங்ண்ணா. மொதமொத அவரு காதுலதான் உளுகோணும்" என்று பிடிவாதம்.

மாமன் மடியில் மொட்டைத் தலையோடு குழந்தையை உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். பங்களா ஜன்னல் திறந்தது. பழனிசாமி எனக்குக் கையைக் காட்டினார். போட்டேன்.

ஐயோ, என்னவென்று சொல்வேன்! கீச்சுக் கீச்சென்று ஒரு சுண்டெலி, ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டே பாடுவது போல அந்தப் பாட்டு வந்தது. ஊரு மூட்டைக்கெல்லாம் என்பதற்குள் நனையுதடி வந்துவிட்டது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. படுத்துக் கிடந்த வோல்டேஜில் மெதுவாகச் சுற்றிப் பதிந்த பாட்டு அது. அங்கேயே, அதே வோல்டேஜில் போட்டுக் கேட்டபோது சரியாக இருந்தது. ஃபேர்லேண்ட்ஸ் பெரிய மனுஷர்கள் இருக்கிற இடம், காலை நேரம், கரண்ட் முழுசாகப் பாய்கிறது. மிஷின் தூக்கம் தெளிந்து ஓட்டமாக ஓடுகிறது.

"அட, நம்ம பாப்பாளா பாடுது?" என்று ஒரு கிழவர் குழந்தையின் வாயைக் குனிந்து பார்த்தார். அந்த நேரம் ஆசாரி குத்த, அது வீரிட்டது. ஹாரனுக்கும் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பழனிசாமி ஓடி வந்தார். "ஆரோக்கியண்ணா! எந்தொண்டைய என்னங்க பண்ணுனீங்க?"

பதற்றத்தில் கட்டை விரலால் சுருளை அழுத்திப் பிடித்தேன். குரல் சட்டென்று இறங்கிச் சினை எருமை மாதிரி ஆனது. விட்டால் சுண்டெலி, பிடித்தால் எருமை. சரியாக மனுஷக் குரலில் நிறுத்த என் விரலுக்குத் தெரியவில்லை. பந்தலில் சிரிப்பு தாங்கவில்லை. பழனிசாமி முகத்தை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. மனுஷனுக்கு உயிரே போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து, லுங்கியும் பனியனுமாக, ஒரு கன்னத்தில் சவர நுரையோடு, பங்களாவிலிருந்து ஒருவர் கோபமாக வந்து நின்றார். "யாருய்யா அது? மனுஷன் குடியிருக்கிற தெருவா இல்லையா இது?"

இசையமைப்பாளரேதான். நான் மிஷினை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் செல்லமுத்துவுக்கு அவர் யாரென்று தெரியாதே! பக்கத்து வீட்டுக்காரர் விசேஷத்துக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, கையைக் கூப்பிக்கொண்டு ஓடினார்.

"வாங்க வாங்க. சரியா பந்தி நேரத்துக்கு வந்துட்டீங்க. உக்காருங்க."

"நான் சாப்பிட வரலைய்யா…"

"அதெல்லாம் ஆகாதுங்க. விசேச ஊட்டுக்கு வந்துட்டுக் கை நனைக்காமப் போகக்கூடாதுங்க. இருந்து சாப்பிட்டுத்தான் போகோணும்." தோளைப் பிடித்து உட்கார வைத்து, இலையையும் போட்டுவிட்டார். கொங்கு நாட்டு உபசாரத்திலிருந்து தப்பித்தவர் யார்? மனுஷரும் நல்ல பசியில் இருந்தார் போல. நெய் விழுந்ததும் கோபம் பாதி இறங்கிவிட்டது. துண்டால் நுரையைத் துடைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

பழனிசாமி சாம்பார் வாளியோடு தூணுக்குப் பின்னால் நின்றார். சாம்பார் கேட்டவர்களைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கண்ணைக் காட்டினேன், பயனில்லை. பார்த்துக்கொண்டே இருந்த பாவாயி, பாயசத் தூக்கோடு நேராக இசையமைப்பாளர் இலைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க சாமி, இப்பக் கேட்டீங்களே, அது எங்கூட்டுக்காரரு எழுதின பாட்டுங்க. எப்படியிருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நல்லால்லீன்னா நல்லால்லீன்னே சொல்லுங்க. எங்கண்ணன் மில்லுல வேலை காத்துக்கிட்டிருக்குது."

"பாட்டா? பாட்டு எங்கேம்மா கேட்டுச்சு? கீச்சு கீச்சுன்னுல்ல கேட்டுச்சு." அவர் சுற்றிலும் பார்த்தார். "எழுதினது யாரு? நீயா? வாளியைக் கீழே வை. வாயால பாடு."

பழனிசாமி வாளியைக் கீழே வைக்கவில்லை. பிடித்துக்கொண்டே பாடினார். மிஷின் இல்லை, ஆர்மோனியம் இல்லை. முதல் வரியில் குரல் உடைந்தது, இரண்டாவது வரியில் நிலைத்தது. 'மூட ஆளில்லே' என்ற இடம் வந்ததும், "ஆளில்லையாமா? அப்ப நானெதுக்கு இருக்கறனாமா?" என்று பாவாயி முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது.

இசையமைப்பாளரின் கை இலையிலேயே நின்றுவிட்டது. "திரும்பப் பாடு" என்றார். பாடினார்.

"இந்த மெட்டு உனக்கு எங்கே கிடைச்சுது?"

"எனக்காத் தோணுச்சுங்க சாமி."

"உனக்காத் தோணுச்சா? யோவ், இது என் மெட்டுய்யா! நான் இசையமைச்ச முதல் படம். வந்த வேகத்திலேயே தியேட்டர்லேர்ந்து படப்பெட்டி திரும்பிடுச்சு. அந்தப் படத்தை நானும் தயாரிப்பாளரும் மட்டும்தான் பார்த்தோம்னு நெனைச்சிட்டிருந்தேன்."

பழனிசாமி முகம் வெளுத்துவிட்டது. "நாமக்கல் டூரிங் கொட்டாயில… சின்ன வயசுல… ஒரு படம் பாத்தனுங்க. சாமி சத்தியமா, அதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். மனுஷர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துச் சிரித்து அவர் கண்ணிலும் தண்ணீர். "நாமக்கல்ல ஒருத்தன் மனசுல உக்காந்திருக்கே! இத்தனை வருஷமா! டேய், இந்த மெட்டுக்கு நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா? ஒருத்தன்கூட ஞாபகம் வெச்சிருக்கலை." பாயசத்தைக் குடித்தார். "இதைப் படத்துல போட முடியாது. ஓடாத படத்து மெட்டை எவனும் தொட மாட்டான். ஆனா வார்த்தை இருக்கே, அந்தப் படத்துல இதுக்கு எழுதியிருந்ததைவிட உன்னுது எவ்வளவோ தேவலை."

பாவாயி விடவில்லை. "தேவலைன்னா, நல்லாருக்குதுன்னுதானுங்களே அர்த்தம்? அப்படியே சொல்லிப்போடுங்க சாமி."

அவர் இலையை மடக்கினார். "நல்லாருக்கும்மா" என்றார்.

அவ்வளவுதான். அவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, மில்லுக்கு வேற ஆளப் பாத்துக்கங்க."

"என்ன அம்மிணி, திடீர்னு…"

"கேட்டீங்கல்ல? நல்லாருக்குதாமா."

செல்லமுத்து ஒன்றும் புரியாமல் சீர்த்தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மரமேறி ஹாரன் கயிற்றை அவிழ்க்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மேலிருந்து பார்த்தால், பழனிசாமி வாளியோடு அதே இடத்தில் மரம் மாதிரி நிற்கிறார்.

"நின்னுட்டே இருந்தா ஆச்சுங்களா? ரெண்டாம் பந்திக்கு எலை போடுங்க" என்று பாவாயி ஒரு அதட்டுப் போட்டாள்.

அவர் இலைக்கட்டை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போட ஆரம்பித்தார். போட்டுக்கொண்டே ஏதோ முனகினார். பாதி வரிசை வருவதற்குள் தலையாட்டிக்கொண்டு, மேலே என்னைப் பார்த்து, "ஆரோக்கியண்ணா, புது மெட்டு ஒண்ணு தோணுதுங்க!" என்றார்.

காது கொடுத்துக் கேட்டேன். போன தீபாவளிக்கு வந்த படத்தில் நாயகி ஊஞ்சலில் ஆடிக்கொண்டு பாடுகிற பாட்டு.

"நல்லாருக்கு பழனிசாமி, எழுதுங்க" என்றேன்.